பல் பார்க்க வந்த காப்புறுதிக்காரர்

காத்திருக்கத் தெரியாதவர்கள் காப்புறுதிப் பக்கமே போகக் கூடாது. எனக்கு அந்தத் தகுதி பிறவியிலேயே இல்லை. பஸ் தாமதித்தால் நான் நிற்க மாட்டேன், அடுத்த தரிப்பிடத்துக்கு நடப்பேன். பாதி வழியில் பஸ் என்னைக் கடந்து போகும். உடனே அதற்கும் அடுத்த தரிப்பிடத்துக்கு நடப்பேன். (இப்படியே வேலைத்தலம் வரை நடந்து போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு.) அடுப்பில் தண்ணீர் வைத்தால் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். "நீர் உப்பிடிப் பாக்கிறபடியால்தான் அது கொதிக்க வெக்கப்படுது" என்பார் என் கணவர்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் எண்பதுகளின் நடுவில், பாரிஸ் நகரத்தில், குடும்பம் முழுவதற்கும் ஒரு பல் காப்புறுதி எடுக்கப் புறப்பட்டேன். அந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லி என்னை முழு முட்டாள் ஆக்கிவைத்திருக்கிறார்கள். நானே சொன்னால் முக்கால் முட்டாளாகவாவது தப்பலாம் என்று பார்க்கிறேன்.

அப்போது நாங்கள் பாரிசில் தமிழர் கூடுகிற லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி, மூன்று வயதில் ஒரு மகள். என் கணவர் நேசன் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் காலையில் அலுவலகங்கள் துடைத்தேன். நேசன் நிறையச் சிரிக்கிற மனிதர். என் பெற்றோர் அவருடைய படத்தைக் காட்டியபோது சாதகத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஓம் என்றேன்.

ஒரு பனிக்காலத்தில், கொழும்பில் வாங்கிய வழுக்கல் சப்பாத்தோடும் தோளில் அரிசிப் பையோடும் லாச்சப்பல் மெத்ரோப் படியில் இறங்கும்போது சறுக்கினார். அரிசிப் பையை விடவில்லை. விட்டிருந்தால் கையை ஊன்றியிருக்கலாம். ("அரிசி கொட்டுப்பட்டிருந்தா நீர் என்னைப் பேசியிருப்பீர்" என்று பிறகு சொன்னார். பேசித்தான் இருப்பேன், பொய் சொல்வானேன்.) மேல் வரிசையின் முன்பற்கள் படியோடு போய்விட்டன. பக்கத்தில் நின்றவையும் ஆடத் தொடங்கின, அவற்றையும் பல் வைத்தியர் கழற்றி எடுத்தார்.

அன்றிலிருந்து நேசன் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். கதைக்கும்போதும் போகும். கொஞ்ச நாளில் கதைப்பதே குறைந்துவிட்டது. என்னால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதற்குள் உணவகத்து முதலாளி ஒரு நல்ல செய்தி சொன்னார். மேசையில் பரிமாறுகிற ஒருவர் கோடை முடியும்போது விலகுகிறார், அந்த இடத்தை நேசனுக்குத் தரலாம் என்றார். குசினியின் வெந்நீரிலும் கோப்பை கழுவுகிற காரத் தூளிலும் தோல் உரிந்த கைகளோடு நின்ற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முதலாளி ஒரு நிபந்தனையும் வைத்தார். "முதலில் வாயைச் சரிபண்ணு. சனம் சாப்பிடுகிற இடத்தில் இப்படி நிற்க முடியாது."

பல் வைத்தியர் நிரந்தரமாகப் பல் கட்ட வேண்டும் என்று சொல்லி, செலவையும் எழுதித் தந்தார். பார்த்ததும் எனக்கு மேலும் கீழும் மூச்சு வாங்கியது. அரசாங்கக் காப்புறுதி அதில் ஒரு மூலையைத்தான் தரும், மிச்சத்துக்கு ஒரு 'முத்துவெல்' எடுங்கள் என்றார். முத்துவெல் என்பது மாதாமாதம் கட்டி எடுக்கிற மேலதிகக் காப்புறுதி. (கேட்டால் யாரோ பெரியப்பாவின் பெயர் போல இருக்கும்.)

லாச்சப்பலில் அந்த நாட்களில் எவருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் துரையண்ணையிடம்தான் போவோம். எங்கள் தெருவிலேயே பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் முன்பே பாரிசுக்கு வந்தவர் என்பதுதான் அவருடைய ஒரே படிப்பு. வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே சட்டம் சொல்வார்.

"பிள்ளை, முத்துவெல் எடுக்கிறது எண்டா லேசுப்பட்ட அலுவல் இல்லை" என்றார். "ஆள் வீட்டை வருவான். குடும்பத்தைப் பாப்பான். வாயிலை ஓட்டை எண்டு கண்டானோ, பையைத் தூக்கிக்கொண்டு போயிடுவான். எரியிற வீட்டுக்கு ஆராவது காப்புறுதி குடுப்பானே?"

"அப்ப என்னண்ணை செய்யிறது?"

"என்ன செய்யிறதோ? ஊரிலை பொம்பிளை பாக்க வந்தா என்ன செய்யிறனீங்கள்? குறையைச் சொல்லிப்போட்டே கட்டிக் குடுக்கிறது?"

இந்த ஒரு வசனம் என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு உண்மை! என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சமைப்பாள், மிகவும் பொறுமைசாலி என்று சொல்லித்தான் என்னை நேசனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டும் சுத்தப் பொய். ஆனால் கலியாணம் நடந்ததுதானே? எனவே அந்தக் காப்புறுதிக்காரருடைய வருகையை ஒரு பெண் பார்க்கும் வைபவமாகவே நடத்தி முடிப்பது என்று தீர்மானித்தேன். பெண்ணின் இடத்தில் நேசனுடைய வாய்.

தொலைபேசிக் கூண்டிலிருந்து முத்துவெல் அலுவலகத்துக்கு எடுத்துக் கதைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் இரவு நேரத்துக்கும் இடையில் உணவகத்தில் ஓய்வு உண்டு, நேசன் அந்த இடைவெளிக்குள் வீட்டுக்கு வந்து திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யன்னல் திரையைக் கழற்றித் தோய்த்தேன். கட்டிலை இடப்பக்கம் தள்ளினேன், பிறகு வலப்பக்கம் தள்ளினேன், கடைசியில் அது முதலில் நின்ற இடத்துக்கே வந்தது. கீழ்மாடியிலிருந்து நல்ல கதிரைகளை இரவல் வாங்கினேன். மகள் வதனியையும் அதே கீழ்மாடியில் விட்டேன். அந்த நாட்களில் அவள் படிக்கட்டில் யாரைக் கண்டாலும் மறித்து, "அப்பாக்குப் பல்லு இல்லை" என்று அறிமுகம் செய்துவைப்பாள்.

வருகிறவருக்குப் பலகாரம் வேண்டுமே? முறுக்கு சுடலாம் என்று நினைத்தேன். எங்கள் முறைப்படி கோதுமை மாவை அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து, அரித்து எடுக்க வேண்டும். பிறகு பதமாகக் குழைக்க வேண்டும். எண்ணெய் காயும்வரை நிற்க வேண்டும். எல்லாம் பொறுமையுள்ளவர்களுக்கான வேலை. நான் மாவை அரைகுறையாக அவித்து, அரிக்காமல், அவசரத்தில் குழைத்து, காயாத எண்ணெயில் போட்டேன். பார்வைக்கு வடிவாகத்தான் வந்தது. நேசன் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார்.

"புவனா, உதை வாசல்லை கட்டிவிட்டா கள்ளன் வரமாட்டான்."

"உங்களை ஆர் சாப்பிடச் சொன்னது? அது வாறவருக்கு" என்றேன்.

வெள்ளி பின்னேரம் நேசனுக்குக் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுவிட்டேன். யன்னலுக்கு முதுகு காட்டி, முகத்தில் வெளிச்சம் படாத மூலையில் இருத்தினேன். நான் பட்டுச் சேலை கட்டினேன். (ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.)

"இஞ்சேருங்கோ, வாயைத் திறக்கப்படாது. தலையை மட்டும் ஆட்டுங்கோ. என்ன பகிடி நடந்தாலும் சிரிக்கப்படாது."

"ஓம்" என்றார்.

"இப்பவே திறக்கிறியள்!"

அவர் பாவம், தலையை ஆட்டினார்.

காப்புறுதிக்காரர் ஐந்து மாடியும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறக் கோட், மெல்லிய உடம்பு, மிகவும் மரியாதையான மனிதர். என் சேலையைப் பார்த்து, தவறான வீட்டுக்கு ஏதோ விசேஷத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் தயங்கினார். நான் உள்ளே இழுக்காத குறையாகக் கூட்டிவந்து இருத்தினேன். மேசையில் மூன்று விளக்கத்தாள்களை விரித்தார். சின்னத் திட்டம், நடுத் திட்டம், பெரிய திட்டம்.

நாங்கள் கதைத்தது பிரெஞ்சில். என்னுடைய பிரெஞ்சு அப்போது அலுவலகம் துடைக்கிற பிரெஞ்சு. 'இங்கே ஈரம், கால் வைக்காதீர்கள்' என்பதுவரை சுத்தமாக வரும். அதற்கு அப்பால் கைதான் கதைக்க வேண்டும்.

"மதாம், தொடங்குவதற்கு முன் முக்கியமான ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்…" என்றார் அவர்.

பல்லைப் பற்றித்தான் கேட்கப் போகிறார்! முந்திக்கொண்டேன்.

"எங்கள் குடும்பம், பல், மிக நல்லது!"

"ஓ, சந்தோஷம். ஆனால் நான் சொல்ல வந்தது…"

"என் அப்பா சோடாப் போத்தல் மூடியைப் பல்லால் திறப்பார்."

"அப்படியா!"

"இவருடைய அப்பா தேங்காய் உரிப்பார். பல்லால்!"

தேங்காய்க்குப் பிரெஞ்சுச் சொல் தெரிந்திருந்தது, உரிப்பதற்குத் தெரியவில்லை. என் கையைக் கடித்து இழுத்துக் காட்டினேன். அந்த மனிதர் நேசனை ஒரு புதிய மரியாதையோடு பார்த்தார். நேசனின் தோள் இலேசாகக் குலுங்கியது. நான் கண்ணால் வெட்டினேன், குலுக்கம் நின்றது. அவருடைய அப்பா உண்மையில் கஞ்சி குடித்தே காலம் தள்ளிய மனிதர். அவர் கட்டுப்பல்லைக் கோப்பையில் ஊறப் போட்டதை நானே கண்ணால் கண்டிருக்கிறேன்.

நான் நிறுத்தவில்லை. எங்கள் இரு வீட்டாரின் பற்களையும் மூன்று தலைமுறைக்குப் புகழ்ந்தேன். இடையிடையே அவர், "அந்த முக்கியமான விஷயம், மதாம்…" என்று தொடங்குவார். நான் தேநீரை முன்னால் தள்ளுவேன். கடைசியில் அவர் கைகளைத் தட்டிக்கொண்டார்.

"அப்படியானால் எனக்கு வேலை சுலபம். உங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சின்னத் திட்டமே போதும்."

சொன்னதோடு நிற்காமல், நடுத் திட்டத்தையும் பெரிய திட்டத்தையும் மடித்துப் பைக்குள் வைக்கவும் தொடங்கினார். நேர்மையான மனிதர், நாசமாய்ப் போக! அந்தச் சின்னத் திட்டத்தில் பல் கட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அவர் விளக்கத்தாளை விரித்தபோதே அந்த வரியில் பூச்சியம் இருந்ததைப் பார்த்திருந்தேன். நான் ஏறிய மரத்தின் கொப்பை நானே வெட்டிவிட்டது அப்போதுதான் தெரிந்தது.

"இல்லை! பெரியது வேணும்" என்றேன்.

"பெரியது பல் வேலை உள்ளவர்களுக்கு, மதாம்."

"ஓம். பல்லுக்குத்தான்."

"ஆனால் உங்களுக்குப் பல்லில் பிரச்சினை இல்லையே?"

"இல்லை. ஒன்றும் இல்லை."

"அப்படியானால் எதற்கு?"

எதற்கு? நானும் அதைத்தான் யோசித்தேன். வேர்த்துக் கொட்டியது. எழுந்து யன்னலைத் திறந்தேன். வெளிச்சம் நேசன் பக்கம் போனது, உடனே மூடினேன். கதிரையில் இருந்தேன், மறுபடி எழுந்தேன்.

"நகை உள்ளவர்தானே பூட்டு வாங்குவார்?" என்றேன் கடைசியில். அந்த நேரத்தில் எனக்கு அது மிகவும் கெட்டித்தனமான பதிலாகத் தெரிந்தது. அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். பிறகு, மனைவியிடம் மாட்டிக்கொண்ட கணவரிடம் கேட்பது போல, மெதுவாக நேசன் பக்கம் திரும்பினார்.

"மிசியே என்ன நினைக்கிறார்?"

நேசன் என்னைப் பார்த்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினார், பிறகு இரண்டு பக்கமும் ஆட்டினார். நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

"மிசியேக்குப் பிரெஞ்சு விளங்குமா?"

"விளங்கும். ஆனால் கதைக்க மாட்டார்" என்றேன். "இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சமய விரதம். மௌனம்."

இதை எந்தப் பிசாசு என் வாயில் வைத்தது என்று தெரியாது. காப்புறுதிக்காரர் சட்டென்று நிமிர்ந்து இருந்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார். அதற்குப் பிறகு தேவாலயத்துக்குள் நிற்பவர் போல, குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார்.

"மன்னிக்க வேண்டும். எழுதியாவது காட்டுவாரா?"

"எழுதவும் மாட்டார்."

"பெரிய மனக்கட்டுப்பாடு" என்று அவர் கிசுகிசுத்தார். நேசனுடைய கண்களில் தண்ணீர் நின்றது. பக்தி என்று அவர் நினைத்திருப்பார். சிரிப்பை அடக்கி அடக்கி வந்த தண்ணீர் அது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நேசன் உணவகத்துக்குத் திரும்ப வேண்டும். எப்படியாவது பெரிய திட்டத்தில் கையெழுத்துப் போட்டு, ஆளைப் படியிறக்கிவிட்டால் போதும் என்று எனக்கு அந்தரமாக இருந்தது. அவர் பெருமூச்சோடு பெரிய திட்டத்தைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்தார். "கையெழுத்துக்கு முன் அந்த முக்கியமான விஷயத்தைக் கட்டாயம்…" என்று மறுபடி வாயைத் திறந்தார்.

அந்தத் திறந்த வாயை அடைக்க என்னிடம் இருந்தது முறுக்குத் தட்டம் ஒன்றுதான்.

"முதலில் சாப்பிட வேணும். எங்கள் வழக்கம்" என்று தட்டத்தை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். மூலையில் மௌன விரதம் இருக்கிற மனிதரை ஒரு முறை பார்த்தார். ஏதோ பிரசாதம் என்று எண்ணியிருக்க வேண்டும். ஒரு முறுக்கைப் பயபக்தியோடு எடுத்து, கடைவாய்ப் பக்கம் வைத்து, கடித்தார்.

சத்தம் எனக்குக் கேட்டது. முறுக்கு உடையவில்லை.

அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே முன்னால் குனிந்தார். நான் சிலையாக நின்றேன். அசைந்தது நேசன்தான். கதிரை பின்னால் விழ, ஒரே பாய்ச்சலில் வந்து அந்த மனிதரின் தோளைப் பிடித்தார்.

"விழுங்காதீர்கள்! துப்புங்கள், துப்புங்கள்! வாயால் மூச்சு இழுக்க வேண்டாம், காற்றுப் பட்டால் குத்தும், மூக்கால் மூச்சு விடுங்கள்!"

எல்லாம் தடையில்லாத பிரெஞ்சில். குசினியில் கற்ற பிரெஞ்சு என்பதால் நடுவில் வந்த சில சொற்களை அச்சில் போட முடியாது. காப்புறுதிக்காரர் தேநீர்த் தட்டில் துப்பினார். கடைவாய்ப் பல்லுக்கு மேல் போட்டிருந்த உறை கழன்று வந்து கிடந்தது. அவர் தலையை நிமிர்த்தினார். அவருடைய முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், நேசனுடைய திறந்த வாய். மேல் வரிசையில் ஒரு வாசல்.

அவர் அந்த வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தேங்காய்?" என்றார்.

நான் ஏன் உயிரோடு இருந்தேன் என்று தெரியவில்லை. நேசன் குசினிக்குள் ஓடிப்போய்க் கராம்பு எடுத்துவந்து, அதை எந்தப் பல்லுக்குள் எப்படி வைப்பது என்று தன் வாயைத் திறந்தே அவருக்குக் காட்டிக் கொடுத்தார். அந்த விஷயத்தில் நேசனுக்கு அனுபவம் நிறைய. கராம்பு வேலை செய்யத் தொடங்கியதும் அந்த மனிதர் கன்னத்தைப் பிடித்தபடியே சொன்னார்:

"மதாம், நான் வந்ததிலிருந்து சொல்ல முயன்றது இதைத்தான். இந்தத் திட்டத்தில் யாரும் உங்கள் பல்லைப் பார்ப்பதில்லை. எத்தனை இருக்கிறது, எத்தனை இல்லை, ஒன்றும் கேட்பதில்லை. பல் கெட்டவர்கள்தானே இதைத் தேடி வருகிறார்கள்? அதனால்தான் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். பல் கட்டுவதற்கான உதவி ஆறு மாதம் கழித்துத்தான் தொடங்கும். காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்."

காத்திருக்க வேண்டும்!

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அது வெட்கத்துக்கு வந்த அழுகை இல்லை. ஆறு மாதம் என்றால் கோடை போய், பரிமாறுகிற இடமும் வேறு யாருக்காவது போய், இவர் திரும்பவும் அந்த வெந்நீருக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பார். இவ்வளவு ஆட்டமும் ஆடி, ஒரு பாவப்பட்ட மனிதனின் பல்லையும் உடைத்து, கண்ட பலன் ஒன்றுமில்லை. பட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி எனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் தெரியாத பிரெஞ்சிலும் எல்லாவற்றையும் சொன்னேன். படி, அரிசிப் பை, முதலாளி, துரையண்ணை, பொம்பிளை பார்க்கிற வழக்கம், ஒன்றையும் விடவில்லை. நேசன் இடையில் திருத்தங்கள் செய்தார்.

அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். முடிவில் தட்டில் கிடந்த உறையைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"உங்களுக்கு முத்துவெல் இருக்குதுதானே? அது தரும்தானே?" என்று நான் விக்கி விக்கிக் கேட்டேன்.

அவர் கைக்குட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"என்னுடையது சின்னத் திட்டம், மதாம்" என்றார்.

நேசன் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, கை வாய்க்குப் போகாமல், அந்த வாசல் முழுவதையும் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கராம்பு வைத்த கன்னத்தோடு காப்புறுதிக்காரரும் சிரித்தார். நான் அழுதுகொண்டே நின்றேன். நேசனின் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறகு காப்புறுதிக்காரர் பெரிய திட்டத்தை மடித்து வைத்துவிட்டு நடுத் திட்டத்தை விரித்தார். பல் கட்டுவதற்கு இரண்டும் ஒரே அளவுதான் தரும், பெரியதில் கூடுதலாக வருவது ஆஸ்பத்திரியில் தனி அறையும் வெந்நீர் ஊற்றில் குளிக்கிற வைத்தியமும் என்றார். (நான் வீம்புக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் வருடக் கணக்காக வெந்நீர்க் குளிப்புக்குக் கட்டியிருப்போம்.) பல் வைத்தியரிடம் சொல்லி இப்போதைக்குக் கழற்றிப் பூட்டுகிற தற்காலிகப் பல் செட் ஒன்று போடுங்கள், அதற்கு அரசாங்கக் காப்புறுதியே ஓரளவு தரும், முதலாளிக்கு முன்னால் நிற்க அது போதும் என்று வழியும் காட்டினார். கையெழுத்துப் போட்டோம். போகும்போது முறுக்கு கொஞ்சம் கட்டித் தரட்டுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அந்த மனிதர் ஐந்து மாடியும் இறங்கிய வேகம் ஏறிய வேகத்தைவிட அதிகம்.

கோடை முடிய நேசன் தற்காலிகப் பல்லோடு மேசைப் பக்கம் போனார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சிரித்தால் பல் செட் இறங்கிவிடும். ஆகவே சிரிக்காமலே பரிமாறினார். யார் என்ன பகிடி விட்டாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு இலேசாகத் தலை குனிவார். வந்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. என்ன கண்ணியம், என்ன கம்பீரம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம். ஆறு மாதத்தை எப்படியோ கடத்தி, நிரந்தரப் பல்லும் கட்டி, நேசன் பழையபடி சிரிக்கத் தொடங்கியபோது முதலாளிக்குக் கவலை வந்துவிட்டது. "உன்னுடைய கம்பீரம் எங்கே போனது?" என்று கேட்டாராம்.

துரையண்ணைக்கும் போய்ச் சொன்னேன். வெண்டிக்காய்த் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "பல்லை ஒருத்தரும் பாக்கிறேல்லை எண்டு நான் அப்பவே சொன்னனான்தானே" என்றார்.

எனக்கு அந்த வெள்ளிக்கிழமையோடு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. எதை யாரிடம் கொண்டுபோனாலும் குறையைத்தான் முதலில் சொல்வேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், எங்கள் பிள்ளை கத்துவாள் என்று தொடங்குவேன். வேலை கேட்கப் போனால், எனக்குக் கோபம் வரும் என்று தொடங்குவேன். அப்படியும் வீடு கிடைத்தது, வேலையும் கிடைத்தது. நேசன் மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையில் கை வைப்பார்.

வதனி வளர்ந்து, தனக்குப் பிடித்த ஒரு பையனைச் சொன்னாள். எங்கள் சனம்தான், பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் வீடு. ஒரு ஞாயிறு மத்தியானம் பையனும் தாயும் வந்தார்கள். பலகாரம் கடையில் வாங்க வேண்டும் என்று மகள் முன்கூட்டியே கட்டளையிட்டிருந்தாள். எல்லோரும் தேநீரை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, வாய் ஓடிவிட்டது.

"இஞ்சை பாருங்கோ, நான் முன்கூட்டியே சொல்லிப்போடுறன். என்ரை மகளுக்குக் கோபம் கெதியா வரும். சமையல் சுத்தமாத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையிலை விடிஞ்சாலும் எழும்பமாட்டாள், இண்டைக்கு உங்களுக்காக எழும்பினவள். உடுப்பு கழட்டினா கழட்டின இடத்திலை கிடக்கும். கடைவாய்ப் பல்லு ரண்டு அடைச்சிருக்கு, வலப்பக்கம்…"

"மமோ, அரேத்!" என்று வதனி கத்தினாள். பிரெஞ்சில் நிறுத்தச் சொல்கிறாளாம்.

நேசன் சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போய்விட்டார். பையன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் மகனை, நெடுநேரம், தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் பிள்ளையின் வாழ்க்கையை என் வாயால் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"தம்பி, இவ இவ்வளவும் சொன்னாப் பிறகு நானும் உன்னைப் பற்றிச் சொல்லத்தானே வேணும்?" என்றார் அந்த அம்மா. "அப்ப நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கும் நிண்டுதான் போகவேண்டி வரும்."

நின்றார்கள். பையனின் குறைகள் ஒரு கரை காணும்போது கார்ஜ் போகிற கடைசி ரயிலும் போய்விட்டது, நேசன்தான் காரில் கொண்டுபோய் விட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தன்னைப் பற்றிப் பெருமையடிக்கத் தொடங்கினால், மருமகன் எழுந்துபோய், இனிக் குறைப் பட்டியல் நீளும் என்பது போல, மேசையில் இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கத் தொடங்குவார்.